நொடிக்கு மைனஸ் 421 கிலோமீட்டர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னூட்டத் துகள்களான சூரியக்காற்று பற்றிய உங்கள் கட்டுரைகளைப் படித்தபின், அந்தக் காற்றை அளக்கும் ஏஸ் விண்கலத்தின் நிமிடவாரித் தரவுக் கோப்புகளை இறக்கிப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு சூரியப் புயல் நாளின் கோப்பை விரிதாளில் போட்டு மணிவாரியாகச் சராசரி எடுத்தால், ஒரு மணி நேரத்துக்கு மட்டும் வேகம் நொடிக்கு -421 கி.மீ. என்று வருகிறது. காற்று சூரியனை நோக்கித் திரும்பியதா? முக்கியமான நேரங்களில் தரவை மறைக்கிறார்கள் என்கிறார் நண்பர். ஒரு லட்சம் டிகிரிக் காற்றில் விண்கலம் ஏன் உருகுவதில்லை? ஹப்பிளின் கச்சாப் படம் ஒன்றில் எந்தப் பட்டியலிலும் இல்லாத நட்சத்திரங்கள் தெரிகின்றன. இதையெல்லாம் முறையாகக் கற்க எங்கிருந்து தொடங்குவது?

ர.

அன்புள்ள ர.,

கட்டுரையைப் படித்துவிட்டு ‘அருமை’ என்று ஒரு வரி எழுதுகிறவர்கள் நிறைய. கோப்பை இறக்கிக் கணக்குப் போட்டுப் பார்க்கிறவர் அபூர்வம். உங்களை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் மைனஸ் 421 வந்ததும் கோப்பின் முதல் இருபது வரிகளைப் படிக்காமல் எனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தீர்களே, அதற்குக் காதைத் திருகத்தான் வேண்டும்.

கோப்பின் தலையில் # குறியோடு தொடங்கும் வரிகளில் இருக்கிறது பதில். தரவு இல்லாத நிமிடங்களில் அடர்த்திக்கும் வேகத்துக்கும் -9999.9 என்று போட்டு நிரப்புவார்கள். ஒரு மணி நேரத்தில் 5 நிமிடம் அப்படி, மீதி 55 நிமிடமும் வேகம் 450 என்று வையுங்கள். 24,750இலிருந்து 49,999.5ஐக் கழித்து 60ஆல் வகுங்கள்: -420.8. உங்கள் காற்று திரும்பிய கதை இவ்வளவுதான். எண்களுக்குப் பக்கத்திலேயே நிலைக்குறி என்று ஒரு பத்தியும் உண்டு. 0 என்றால் சரி, 1 முதல் 8 வரை கெட்ட பதிவு, 9 என்றால் தரவே இல்லை. 0 அல்லாத வரிகளை நீக்காமல் சராசரி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.

நண்பரை விடுங்கள். மறைக்க நினைப்பவன் ஓட்டைக்கு -9999.9 என்று பெயர்ப்பலகை மாட்ட மாட்டான். உருகும் கேள்வியும் சின்னதுதான்: கன சென்டிமீட்டருக்கு ஐந்தாறு புரோட்டான்கள் மட்டுமே உள்ள காற்று அது. சதுர மீட்டருக்கு அது கொண்டுவரும் ஆற்றல் ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே சதுர மீட்டரில் சூரிய ஒளி 1,361 வாட். கலத்தைச் சுடுவது ஒளி.

நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். தரவு ஏன் புயல் நேரம் பார்த்துக் காணாமல் போகிறது?

ஏஸில் காற்றை அளக்கும் கருவிக்கு வேகம் என்று எதுவும் தெரியாது. வளைந்த இரண்டு உலோகத் தகடுகள், நடுவே குறுகிய இடைவெளி, தகடுகளுக்கிடையே மின்னழுத்தம். அந்த அழுத்தத்துக்குப் பொருந்திய ஆற்றல் கொண்ட அயனி மட்டும் வளைவைச் சுற்றி மறுமுனைக்கு வரும். மற்றவை சுவரில் மோதி ஒழியும். மறுமுனையில் இருக்கும் கண்டறிவான் ஒவ்வொரு அயனியையும் எலெக்ட்ரான் சரிவாகப் பெருக்கி எண்ணுகிறது. அழுத்தத்தைப் படிப்படியாக மாற்றினால் எந்தப் படியில் எத்தனை என்று ஒரு மேடு கிடைக்கும். மேட்டின் உச்சி இருக்கும் இடம் வேகம், அகலம் வெப்பநிலை, பரப்பு அடர்த்தி. நொடிக்கு 400 கி.மீ. புரோட்டானுக்கு ஆற்றல் சுமார் 835 எலெக்ட்ரான் வோல்ட். வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்கு.

இதில் ஒரு பொறி உண்டு. தகடு பார்ப்பது ஆற்றலை மின்னூட்டத்தால் வகுத்த எண்ணை. ஹீலியம் அணுக்கருவுக்கு நிறை நான்கு, மின்னூட்டம் இரண்டு. ஆகவே அதே வேகத்தில் வந்தாலும் அது புரோட்டானைப்போல இரண்டு மடங்கு இடத்தில் தனி மேடாக நிற்கும். மேட்டிலிருந்து வேகத்தைக் கணக்கிடும் கணினி நிரல் அந்தச் சின்ன மேட்டைப் புரோட்டான் என்று எடுத்துக்கொண்டால் 400 என்பது 566 ஆகிவிடும். வேகம் திடீரென 1.41 மடங்கு ஏறி, அடர்த்தி சில விழுக்காடாகச் சரிந்து, காந்தப்புலம் மட்டும் அசையாமல் இருந்தால் சூரியனைச் சந்தேகிக்காதீர்கள், நிரலைச் சந்தேகியுங்கள்.

இனி புயல். பெரிய வெடிப்புகளின் அதிர்ச்சி அலை முடுக்கிவிடும் ஆற்றல்மிக்க புரோட்டான்கள் தகட்டின் வழியே வருவதில்லை. கலத்தின் சுவரையே துளைத்துக்கொண்டு கண்டறிவானில் விழுகின்றன. எல்லாப் படியிலும் எண்ணிக்கை ஏறுகிறது. மேடு இரைச்சலில் மூழ்கிவிட, உச்சியைத் துரத்தும் நிரல் வழிதவறுகிறது. 2003 அக்டோபர் 29, 30இல் ஏஸில் நடந்தது இதுதான். வழக்கமான முறை தோற்றுப்போனது. ஏறத்தாழ அரை மணிக்கு ஒருமுறை முழு வீச்சையும் துழாவும் மாற்று முறையின் பதிவுகளைத் தோண்டியெடுத்துத்தான் வேகம் நொடிக்கு 1,850 கி.மீ.க்கும் மேல் போனது என்று பிறகு நிறுவினார்கள். கோப்பில் ஓட்டை இருந்த இடத்தில்தான் அந்தக் காலத்தின் மிக வேகமான காற்று இருந்தது. புரிகிறதா, ஏன் இதையே பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்று?

ஹப்பிளில் நீங்கள் கண்டுபிடித்த ‘நட்சத்திரங்களும்’ இதே ஜாதி. விண்வெளியிலிருந்து வரும் வேகத் துகளான காஸ்மிக் கதிர், படத்தைப் பதியும் சிசிடி சில்லில் விழுந்தால் ஒரு வெள்ளைப் புள்ளியோ கீறலோ விழும். அதனால்தான் ஒரே இடத்தை இரண்டு மூன்று முறை படமெடுத்து ஒப்பிடுகிறார்கள். ஒரு சட்டகத்தில் இருந்து அடுத்ததில் இல்லாதது அநேகமாகத் துகள். அடுத்த சட்டகத்தையும் இறக்குங்கள்.

கருவி செத்தால் அளவீடும் செத்தது என்று நினைத்துவிடாதீர்கள். வெகுதூரம் போய்விட்ட வாயேஜர் 1 விண்கலத்தில் பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டத் துகள்களாலான வாயுவை, அளக்கும் கருவி 1980இலேயே பழுதாகிவிட்டது. 2012 ஆகஸ்ட் 25இல் அது சூரியக்காற்றின் எல்லையைத் தாண்டியபோது அடர்த்தியை அளக்கக் கையில் எதுவும் இல்லை. 2012 மார்ச்சில் நடந்த சூரிய வெடிப்பின் விளைவு பதின்மூன்று மாதம் பயணம் செய்து அங்கே சேர்ந்ததும் சுற்றியிருந்த பிளாஸ்மா அதிர ஆரம்பித்தது. அலைக் கருவியின் ஆன்டெனாவில் 2.6 கிலோஹெர்ட்ஸ் பதிவானது. அந்த அதிர்வெண்ணை 8.98ஆல் வகுத்து வர்க்கமெடுங்கள்: கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.08 எலெக்ட்ரான். எல்லைக்குச் சற்று உள்ளே இருப்பதைப்போல பல மடங்கு. கலம் வெளியே வந்துவிட்டது என்பதற்கு இந்த எண்ணைத்தான் முக்கியச் சான்றாக வைத்தார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? உங்கள் 5 நிமிட ஓட்டையிலிருந்துதான். அதே நாளின் காந்தமானிக் கோப்பையும் இறக்குங்கள். காந்தமானி துகளை எண்ணுவதில்லை, ஆகவே புயலில் கண் மங்காது. அந்த 5 நிமிடமும் அதிலும் காணாமல் போயிருந்தால் பெரும்பாலும் தரைநிலையத்தோடு தொடர்பு விட்டிருக்கிறது. காந்தப்புலம் தொடர்ந்து பதிவாகி பிளாஸ்மா மட்டும் இல்லையென்றால், ஆற்றல்மிக்க புரோட்டான்களின் கோப்பையும் திறந்து, அந்த நேரத்தில் எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எது என்று கண்டுபிடித்து எழுதுங்கள். இம்முறை தலைப்பு வரிகளைப் படித்துவிட்டு.