பொருள்கள் குவிந்த அப்பாவின் வீடு: காலி செய்து விற்பதா, அப்படியே விற்பதா?

கேள்வி: சில மாதங்களுக்கு முன் அப்பா காலமானார். அவர் தனியாக வாழ்ந்த மாடி வீட்டில் செய்தித்தாள் கட்டுகளும் அட்டைப் பெட்டிகளும் பழுதான மின்சாதனங்களும் கூரையைத் தொடும் அளவுக்குக் குவிந்து கிடக்கின்றன. நானும் தம்பியும் மட்டுமே வாரிசுகள். “இருக்கிறபடியே பாதி விலைக்கு எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது, எனக்குப் பவர் பத்திரம் மட்டும் எழுதிக் கொடுங்கள்” என்று ஒரு தரகர் அவசரப்படுத்துகிறார். என்ன செய்வது?

பதில்: இப்போதைக்கு நீங்களும் உங்கள் தம்பியும் எதிலும் கையெழுத்திட வேண்டாம். முழுவதும் காலி செய்வது அல்லது அப்படியே தள்ளிவிடுவது என்ற இரண்டு வழிகளே உண்டு என்று தரகர் உங்களை நம்ப வைத்திருக்கிறார். அவ்விரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சுவர், தளம், கூரை, தண்ணீர்க் குழாய், மின்கம்பி ஆகியவற்றை ஒரு கட்டடப் பொறியாளர் நேரில் பார்க்கும் அளவுக்காவது உள்ளே வழி ஏற்படுத்த வேண்டும். பாதி விலை சொன்னவர் வீட்டின் பழுதைக் கணக்கிட்டுச் சொல்லவில்லை. இத்தனை குவியலுக்குப் பின்னால் இருக்கும் பழுதை அவராலும் பார்த்திருக்க முடியாது. உங்கள் கூச்சத்தையும் களைப்பையும் எடைபோட்டுச் சொன்ன விலை அது.

அந்தக் கூச்சம் தேவையில்லை. பொருள்களை விட்டுப் பிரிய முடியாமல் குவித்துக்கொண்டே போகும் நிலையை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் தனி நோயாக வகைப்படுத்தியது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது. இருந்தும், இப்படித் தனித்து வாழ்பவர்கள் உயிரோடு இருக்கும்வரை எந்தத் துறையும் கதவைத் தட்டுவதில்லை. சுகாதாரத் துறை தீயணைப்புத் துறையைக் கை காட்டும்; தீயணைப்புத் துறை உள்ளாட்சியைக் கை காட்டும். அவர் இறந்த பிறகு, வாரிசுகளுக்குக் கெடு வைத்து அறிவிப்பு அனுப்ப மட்டும் எல்லோருக்கும் கை வருகிறது. வாரிசுரிமை ஆவணங்களுக்காக நீங்கள் அலைந்து சலிக்கும் அந்த இடைவெளியில்தான் இத்தகைய தரகர்கள் நுழைகிறார்கள்.

பவர் பத்திரத்தைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன். விற்கவும் பணம் பெறவும் அதிகாரம் கொடுத்துவிட்டால், விலையை முடிவு செய்பவர் அவர். பின்னால் வழக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். பவர் இல்லாமல் வெறும் கிரய ஒப்பந்தம் போடலாம் என்று இறங்கி வந்தாலும், அதில் “வாங்குபவர் அல்லது அவர் குறிப்பிடும் நபர்” என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். உங்களிடம் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் போட்டு, சிறிய முன்பணத்தில் வீட்டை முடக்கிவைத்து, அதே ஒப்பந்தத்தை வேறொருவருக்குக் கூடுதல் விலைக்குக் கைமாற்றி, நடுவில் உள்ள தொகையை எடுத்துக்கொள்வதற்கு அந்த ஒரு வரி போதும். “உள்ளே இருக்கும் பொருள்கள் யாவும் வாங்குபவருக்கே” என்ற வரி இருந்தால் அதையும் அடித்துவிடச் சொல்லுங்கள். இலவசமாகக் காலி செய்து தருகிறோம் என்று வருபவர்களையும் இதே கண்ணோடு பாருங்கள். இத்தகைய வீடுகளில் மூலப்பத்திரமும் வங்கிக் காகிதங்களும் காப்பீட்டு ஆவணங்களும் நகையும்கூடப் பழைய உறைகளுக்குள்ளும் செய்தித்தாள் மடிப்புகளுக்குள்ளும் இருக்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பார்த்த பிறகே வெளியே போக விட வேண்டும். அந்த நேரத்தில் உங்களில் ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

உள்ளே போகும்போது நிதானம் தேவை. வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரையிலான பயன்பாட்டுச் சுமையை மனத்தில் வைத்துக் கட்டப்படுபவை. அதே இடத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நெருக்கி அடுக்கிய காகிதம் அரை டன்னை நெருங்கிவிடும். ஆகவே மாடிக்குப் போவதற்கு முன், கீழேயிருந்து கூரையில் விரிசலோ தொய்வோ தெரிகிறதா என்று பாருங்கள். குவியலை அடியிலிருந்து உருவாமல் மேலிருந்து இறக்குங்கள். 1947இல் நியூயார்க்கில், இதேபோல் பொருள்களைக் குவித்து வாழ்ந்த காலியர் சகோதரர்களில் ஒருவர் தம் வீட்டில் குவிந்திருந்த பொருள்கள் சரிந்து விழுந்தே இறந்தார். எலிப் புழுக்கையை உலர்ந்த நிலையில் பெருக்கக் கூடாது, ஏனெனில் தூசியோடு கிருமியும் மூச்சில் ஏறும். கையுறை அணிந்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள்.

அப்படியே விற்பது சரியாக இருக்கும் ஒரு சூழ்நிலையும் உண்டு. தளமோ சுவரோ மீட்க முடியாத அளவுக்குக் கெட்டுவிட்டது, வாங்குபவர் இடித்துவிட்டுப் புதிதாகத்தான் கட்டப்போகிறார், விலையின் பெரும்பகுதி மனைக்கே உரியது என்றால், அலமாரியைத் துடைத்து வெள்ளையடிப்பது வீண் செலவு. ஆனால் இடிக்கத்தான் வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் உங்களுக்காக அமர்த்தப்பட்ட பொறியாளர். வாங்குபவரோ தரகரோ அனுப்பிய ஆள் அல்லர். இடிக்கப்போகும் வீடாக இருந்தாலும் காகிதங்களை முதலில் எடுத்துவிட வேண்டும். இடிப்புச் செலவைக் கழித்த மனை விலையே அடிப்படை விலை, பாதி விலை அன்று. அதையும் ஒருவரிடம் மட்டும் கேட்காமல், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூன்று பேரிடமாவது எழுத்தில் கேளுங்கள். உள்ளே செல்வதே ஆபத்து என்று பொறியாளர் தடுத்தால், அவர் மேற்பார்வையில் தாங்கு கம்பங்கள் நிறுத்தி வழி ஏற்படுத்துங்கள். அதைக் காரணம் காட்டித் தரகர் விலையைக் குறைக்க விடாதீர்கள்.

எந்த வழியில் விற்றாலும், தெரிந்த ஈரக்கசிவையும் கரையானையும் மின்பழுதையும் எழுத்தில் தெரிவித்து, வாங்குபவரின் ஒப்புகையைப் பெறுங்கள். “உள்ளது உள்ளபடி” என்ற சொல், தெரிந்தே மறைத்த குறையிலிருந்து விற்பவரைக் காப்பாற்றும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

அந்தத் தரகரிடம், வாங்குபவரின் பெயர், விலை, தரகுத் தொகை, அதைக் கொடுப்பவர் யார் என்பவற்றை எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் பேச்சை அத்துடன் நிறுத்திவிடலாம். எழுதிக் கொடுத்தால், அந்தத் தாளை உங்களுக்கென்று நீங்கள் அமர்த்திய வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு, உங்கள் தம்பியையும் உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள்.