பழைய கேம் கன்சோலில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் சாதனம்) போடுவதால் பலன் உண்டா, அல்லது பணம் வீணா?

கேட்டவரிடம் பிளேஸ்டேஷன் 4 இருக்கிறது என்றும், புதிய கன்சோல் வாங்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை என்றும் எடுத்துக்கொள்கிறேன். பலன் நிச்சயமாக உண்டு. ஆனால் கழற்றி எடுத்த பழைய டிஸ்க்கை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். இந்த ஒரு வரியைச் சொல்வதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4க்குள் இருந்தது நிமிடத்துக்கு 5400 முறை சுழலும், மடிக்கணினிகளில் போடும் அளவிலான 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். தட்டின் மேல் ஒரு முனை அங்குமிங்கும் நகர்ந்துதான் தகவலைப் படிக்க வேண்டும். பெரிய நிலப்பரப்புள்ள ஆட்டங்களில் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைத் தேடி அந்த முனை அலைவதற்கே பெரும்பகுதி நேரம் போய்விடுகிறது. எஸ்எஸ்டியில் நகரும் பாகம் எதுவும் இல்லாததால் இந்த அலைச்சல் இல்லை. நான் மாற்றியபோது, அடிக்கடி விளையாடும் ஓர் ஆட்டம் திறக்க ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் எடுத்தது முக்கால் நிமிடத்துக்கும் கீழே வந்தது. கணினியில் எஸ்எஸ்டி போட்டவர்கள் பார்க்கும் பாய்ச்சல் இதில் வராது. டிஸ்க்கைக் கன்சோலோடு இணைக்கும் சாட்டா என்ற இணைப்பே வேகம் குறைந்த இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தது. அதோடு, சுருக்கி வைத்த தகவலை விரித்துக் கொடுக்க வேண்டிய செயலி 1.6 கிகாஹெர்ட்ஸ் வேகமே உடையது. டிஸ்க் எவ்வளவு விரைவாகக் கொடுத்தாலும் அது தன் வேகத்தில்தான் விரிக்கும். அதனால் விலை உயர்ந்த, அதிவேக எஸ்எஸ்டியைத் தேடாதீர்கள். நம்பகமான சாதாரண 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும்.

'ஃபிரேம் ரேட் (திரையில் நொடிக்கு எத்தனை படங்கள் ஓடுகின்றன என்ற கணக்கு) ஒன்றுகூட ஏறாது, பிறகு எதற்கு இந்தச் செலவு' என்று ஒருவர் வந்து எழுதுவார் என்பது எனக்குத் தெரியும். ஃபிரேம் ரேட் ஏறாது என்பது உண்மை. நானும் ஏறும் என்று சொல்லவில்லை. வேலை முடிந்து, குழந்தையைத் தூங்க வைத்த பிறகு எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அதில் ஒவ்வொரு முறை தோற்கும்போதும் ஒன்றரை நிமிடம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, அந்தக் காத்திருப்பு பாதியாவது பெரிய விஷயம்.

இனி நான் செய்த தவறு. என் கணக்கில் நுழைந்து, சேவ்களை, அதாவது ஆட்டங்களில் எதுவரை வந்திருக்கிறோம் என்ற பதிவுகளை, எல்லாம் பென் டிரைவில் நகலெடுத்தேன். கன்சோலை அணைத்து, மூடியை நகர்த்தி, டிஸ்க் இருந்த சட்டத்தை உருவி, புதியதைப் பொருத்தினேன். பவர் பட்டனை இரண்டாவது பீப் ஒலி வரும்வரை அழுத்திப் பிடித்து, பழுது பார்க்கவும் மென்பொருளை நிறுவவும் உதவும் சேஃப் மோடுக்குள் போய், பென் டிரைவிலிருந்து சிஸ்டம் மென்பொருளை நிறுவினேன். (இதற்கு வேண்டியது வழக்கமான அப்டேட் ஃபைல் அல்ல, முழு நிறுவலுக்கான பெரிய ஃபைல், பலர் சிக்கிக்கொள்ளும் இடம் இது.) எல்லாம் ஒழுங்காக முடிந்த மகிழ்ச்சியில், அன்று மாலையே பழைய டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி உறைக்குள் போட்டு, கூடுதல் சேமிப்பாக இருக்கட்டும் என்று அதே கன்சோலில் செருகி, ஃபார்மட் செய்யலாமா (இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாகத் தயார் செய்யலாமா) என்று கேட்டதற்கு ஆம் என்று அழுத்தினேன்.

அந்தக் கன்சோலில் என் தங்கைக்கும் ஒரு கணக்கு இருந்தது. சேவ்களை பென் டிரைவில் நகலெடுக்கும் வசதி, யார் நுழைந்திருக்கிறாரோ அவருடையதை மட்டுமே எடுக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. வார இறுதியில் வந்தவள், நகரம் அமைக்கும் ஆட்டத்தைத் திறந்துவிட்டு, "அண்ணா, என் ஊர் எங்கே?" என்று கேட்டாள். இரண்டு ஆண்டுகளாக அவள் தெருத் தெருவாகக் கட்டிய ஊர் அது. மீட்பு மென்பொருளால் ஆகுமா என்று தேடிப் பார்த்தேன். கன்சோலின் டிஸ்க்கில் எல்லாமே மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால் வழி இல்லை. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

செய்முறை காட்டும் காணொளிகள் ஐந்தாறு பார்த்துவிட்டுத்தான் இந்த வேலையில் இறங்கினேன். எந்தத் திருகை எந்தப் பக்கம் சுழற்ற வேண்டும் என்று விலாவாரியாகக் காட்டியவர்களில் ஒருவர்கூட, வீட்டில் வேறு யாராவது விளையாடுகிறார்களா என்று கேட்கவில்லை. கன்சோல் பெரும்பாலும் ஒரு வீட்டுக்கே பொதுவானது. பார்க்கிறவர் தனியாளாகத்தான் இருப்பார் என்று அவர்கள் எப்படி முடிவு செய்தார்கள் என்பது எனக்கு இன்னமும் புரியவில்லை.

ஆகவே, எல்லாக் கணக்குகளையும் சேர்த்து எடுக்கும் முழு பேக்கப் வசதியைப் பயன்படுத்துங்கள். ஆட்டங்களில் சாதனைகளுக்காகக் கிடைக்கும் கோப்பைகளை (டிராஃபி) அது எடுக்காது. ஒவ்வொரு கணக்கிலும் நுழைந்து அவற்றை முதலில் சர்வரோடு ஒத்திசைத்துவிடுங்கள். பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது தொடாமல் வையுங்கள். எதையாவது விட்டுவிட்டது தெரிந்தால் அதையே திரும்பப் பொருத்தி எடுத்துக்கொள்ளலாம்.

கழற்றும் துணிவு இல்லாதவர்கள் எஸ்எஸ்டியை யூஎஸ்பி 3.0 உறையில் போட்டு வெளியே செருகினாலே போதும். பிளேஸ்டேஷன் 4இல் 2017இல் வந்த 4.50 அப்டேட்டிலிருந்து இது முடியும். உள் டிஸ்க்கை மாற்ற வழி தராத எக்ஸ்பாக்ஸ் ஒன் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே வழி. செருகும் எஸ்எஸ்டியில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துபோகும் என்பதை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் 4இல் இப்படிச் செய்தால் ஆட்டங்கள் மட்டுமே வெளியே போகும், சேவ்கள் உள் டிஸ்க்கிலேயே இருக்கும். காத்திருப்பும் ஏறக்குறைய அதே அளவு குறையும். நான் அன்று இதைச் செய்திருந்தால் தங்கையின் ஊர் இன்றும் இருந்திருக்கும்.