அறுபதாம் நாள் வயலைப் பார்த்து விளைச்சல் சொல்வது: ஜூனியர் ஐஸ் ஹாக்கி கேள்வி பதில்

கும்பகோணத்துக்கு வந்து இறங்கி ஒரு மாதம் ஆகிறது. கனடாவில் என்ன வேலை என்று கேட்பவர்களிடம் கணக்கு வேலை என்றால் விட்டுவிடுகிறார்கள். வார இறுதியில் ஒரு ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணிக்கு ஸ்கவுட்டாக இருந்தேன், ஒன்பது வருஷம், என்று சொன்னால்தான் வம்பு, காபி ஆறும் வரை விளக்க வேண்டியிருக்கிறது. ஸ்கவுட் என்றால் ஆள் பார்க்கிறவன். பெண் பார்க்கப் போவது மாதிரிதான், பஜ்ஜி சொஜ்ஜி மட்டும் கிடையாது, வெறும் குளிர். நம் ஊர்க்காரர்கள் அனுப்பிய கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு இங்கே பதில்.

திருவாரூர் கல்லூரி மாணவர்: ஜூனியர் என்றால் பள்ளிப் பிள்ளைகள் ஆட்டம்தானே சார், அதற்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

பள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை தம்பி. கனடாவில் 16 முதல் 20 வயது வரை உள்ளவர்களுக்கான உச்ச மட்டம் மூன்று லீக்குகள்: ஒன்டாரியோவில் ஒன்று, மேற்கு மாகாணங்களுக்கு ஒன்று, கியூபெக்கையும் கடலோர மாகாணங்களையும் சேர்த்து ஒன்று. ஒன்டாரியோ லீக்கில் ஓர் அணி சீசனுக்கு 68 ஆட்டம் ஆடும், அது முடிந்து கோப்பைக்காக ஆடும் பிளேஆஃப் தனி. பையன் வீட்டை விட்டுப் போய், அந்த ஊரில் வேறொரு குடும்பத்தோடு தங்கிப் படித்துக்கொண்டே ஆடுவான். என்.எச்.எல். என்பது வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக். அதன் டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்து இளம் வீரர்களைப் பொறுக்கும் தேர்வில், 32 அணிகள் 7 சுற்றில் 224 பேரை எடுக்கும். அந்த 224-இல் பெரும்பங்கு இந்த மூன்று லீக்கிலிருந்து வந்த காலம் உண்டு, இன்றும் கணிசம். ஒன்டாரியோ லீக் தன் அணிகளுக்கு ஆள் எடுக்க ஒரு டிராஃப்ட் நடத்துகிறது, பையனுக்கு 16 நிறைகிற ஆண்டில். அதாவது நாங்கள் உட்கார்ந்து எடை போடுவது பதினைந்து வயதுப் பிள்ளைகளை.

மாயவரத்தைச் சேர்ந்த அம்மா, இப்போது பிராம்ப்டனில்: மகனுக்கு 14 வயது, நவம்பரில் பிறந்தவன். அணியிலேயே குட்டையானவன். அடுத்த வருஷம்தான் டிராஃப்ட் வருஷம். கோச் "நல்லா ஆடறான், ஆனா சைஸ் பத்தாது" என்கிறார். விட்டுவிடலாமா?

விட வேண்டாம் அம்மா. ஆனால் கோச் சொல்வதில் எது நிஜம், எது காலண்டர் செய்கிற வேலை என்று பிரித்துப் பாருங்கள்.

அங்கே வயதுப் பிரிவு ஜனவரி 1-இல் தொடங்குகிறது. ஜனவரி 3 பிறந்தவனும் டிசம்பர் 28 பிறந்தவனும் ஒரே பிரிவு. ஏழு வயதில் ஒரு வருஷம் என்றால் அது ஆயுளில் ஏழில் ஒரு பங்கு. பெரிய பையன் முதல் அணிக்குப் போவான், நல்ல கோச் கிடைப்பார், ஐஸில் நேரம் கூடுதலாகக் கிடைக்கும், அதனால் நிஜமாகவே நன்றாக ஆட ஆரம்பித்துவிடுவான். 1980களில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் லெத்பிரிட்ஜ் ஊரில் ஒரு ஜூனியர் ஆட்டம் பார்க்கப் போனபோது அவர் மனைவிதான் கையிலிருந்த வீரர் பட்டியலைப் பார்த்து, என்ன எல்லாரும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சிலேயே பிறந்திருக்கிறார்கள் என்று கேட்டாராம். அதன் பிறகு எண்ணிப் பார்த்து எழுதினார்கள், இன்றுவரை அந்தச் சாய்வு போகவில்லை. (நம் ஊரில் இந்த ஆராய்ச்சி செய்ய முடியாது. என் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு ஜூன் மாதம்தான் பிறந்தநாள், பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டது.) அக்டோபர், நவம்பர், டிசம்பர் பிள்ளைகள் கடைமடை வயல் மாதிரி, மேட்டூர் திறந்த செய்தி பேப்பரில் வந்து வெகு நாள் கழித்துத்தான் அவர்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டும்.

இதற்கு மேல் உடம்பு வளர்கிற வேகம் வேறு. ஏ.டி.டி. 43, சி.ஆர். 1009 என்ற இரண்டு நெல் ரகங்களை ஒரே நாளில் நட்டால், அறுபதாம் நாள் போய்ப் பார்க்கிறவனுக்கு முதல் வயலில் பொதி கட்டி நிற்கும், இரண்டாவதில் வெறும் பச்சை. குறுவை ரகம் 110 நாள், மற்றது 155 நாளுக்கு மேல். ரகம் தெரியாதவன் இரண்டாவது வயலைப் பார்த்து இது தேறாது என்று சொல்லிவிட்டுப் போவான். பதினைந்து வயதில் மீசையோடு நிற்கிற பையனையும் குரல் உடையாத பையனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஸ்கவுட் பல நேரம் அதைத்தான் செய்கிறான். விவரமான ஸ்கவுட் கேன்டீன் வரிசையில் நிற்கிற அப்பா அம்மா உயரத்தைப் பார்ப்பான், அண்ணன் இருந்தால் அவனையும். சிரிக்காதீர்கள், எல்லாரும் செய்வதுதான்.

உங்கள் மகன் விஷயத்தில் நான் கேட்பது ஒன்றே ஒன்று: இந்த அணியில் அவனுக்கு ஐஸில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது? பெரிய பெயர் உள்ள அணியில் நாலாவது லைனில், அதாவது கடைசியாக இறக்குகிற வரிசையில், உட்கார்ந்து ஆட்டத்துக்கு ஐந்து நிமிஷம் ஆடுவதைவிட, ஒரு படி கீழே போய் பவர் பிளேயும் (எதிரணியில் ஆள் குறையும்போது) பெனால்டி கில்லும் (நம் அணியில் ஆள் குறையும்போது) ஆடினால் மூன்று மடங்கு வளர்வான். டிராஃப்டில் பெயர் வரவில்லை என்றாலும் கதவு மூடாது, பிறகு ஃப்ரீ ஏஜென்டாக, அதாவது எந்த அணியும் எடுக்காத ஆளாக, முகாமுக்கு அழைக்கிறார்கள். அப்புறம், கோடையில் ஸ்கேட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வேறு ஏதாவது ஆடட்டும். பன்னிரண்டு மாதமும் ஐஸ் என்று பணம் பிடுங்குகிற முகாம்கள் அங்கே நிறைய.

மன்னார்குடி பி.டி. மாஸ்டர்: நாங்கள் ஆடுவது தரை ஹாக்கி. இருந்தாலும் கேட்கிறேன், நீங்கள் ஒரு பையனிடம் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

சார், நீங்கள் கேட்டதுதான் உண்மையான கேள்வி. பக், அதாவது ஐஸில் பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டு, தன்னிடம் இல்லாத நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்று பார்ப்பேன். அறுபது நிமிஷ ஆட்டத்தில் ஒரு பையன் ஐஸில் இருப்பது பதினைந்து இருபது நிமிஷம், அதிலும் பக் அவன் ஸ்டிக்கில் இருப்பது கூட்டிக் கழித்தால் ஒரு நிமிஷம் ஒன்றரை நிமிஷம். அந்த ஒன்றரை நிமிஷத்தை ஊரே பார்க்கும், மீதியைப் பார்க்கத்தான் ஸ்கவுட்டுக்கு பெட்ரோல் காசு கொடுக்கிறார்கள்.

நான் அரங்கின் மேல் மூலையில் போய் நிற்பேன், பெற்றோர் கூட்டத்திலிருந்து தள்ளி. ஒரு ஷிஃப்ட், அதாவது ஐஸில் இறங்கி மறுபடி பெஞ்சுக்குத் திரும்பும் வரை, நாற்பது நாற்பத்தைந்து விநாடிதான். அந்த ஷிஃப்ட் முழுக்க ஒரே பையன் மேல் கண், பக் எங்கே போனாலும் திரும்ப மாட்டேன். பாஸ் வருவதற்கு முன்னால் தோள் மேல் திரும்பிப் பார்க்கிறானா? பார்க்கிறவனுக்கு வாங்கும் முன்பே அடுத்தது தெரியும், பார்க்காதவன் வாங்கிய பிறகு யோசிப்பான், அதற்குள் இடித்துவிடுவார்கள். பக்கைப் பறிகொடுத்தால் அடுத்த மூன்று விநாடி என்ன செய்கிறான்? கையை விரித்து ரெஃப்ரியைப் பார்க்கிறானா, திரும்பித் துரத்துகிறானா? பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் ஆட்டத்தைப் பார்க்கிறானா, மேலே அப்பாவைத் தேடுகிறானா?

ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து யாரையும் எழுதக்கூடாது. சனிக்கிழமை ராத்திரி ஐந்து கோல் வித்தியாசத்தில் ஜெயிக்கிற ஆட்டத்தில் எல்லாப் பையனும் ராஜாதான். எனக்குப் பிடித்தது போட்டித் தொடரில் ஞாயிறு காலை எட்டு மணி ஆட்டம். மூன்று நாளில் நாலாவது ஆட்டம், கால் வலி, தூக்கம் இல்லை, அப்போதும் தன் கோல் பக்கம் ஓடி வருகிறவன் பெயருக்குக் கீழே கோடு போடுவேன்.

ஸ்கேட்டிங் ஸ்டைல் கோணலாக இருந்தால் சரி செய்யலாம், ஷாட் வலுவை இரண்டு கோடையில் ஏற்றலாம். ஆட்டத்தைப் படிக்கிற மூளையைப் பதினைந்து வயதுக்கு மேல் ஏற்றுவது கஷ்டம். முடியாது என்று சொல்லும் கோச்சுகளோடு எனக்கு உடன்பாடு இல்லை, சின்ன இடத்தில் மூன்றுக்கு மூன்று ஆட விட்டால் கொஞ்சம் வரும். உங்கள் ஆட்டத்துக்கும் இது அப்படியே பொருந்தும். கொள்ளிடத்துக்கு அக்கரையில் அரியலூர் மாவட்டத்துக் கார்த்தி செல்வம் கோவில்பட்டி விடுதியில் வளர்ந்து, 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு முதல் ஆட்டம் ஆடினார், பாகிஸ்தானுக்கு எதிராக. கோலும் போட்டார். யாரோ ஒரு மாஸ்டர் ஏதோ ஒரு மண் மைதானத்தில் அந்தப் பையனை நின்று பார்த்திருக்கிறார் அல்லவா.

திருவையாறு வாசகர்: நீங்கள் தப்பாகக் கணித்தது உண்டா?

உண்டு, நோட்டில் இருக்கிறது. ஒரு சின்னப் பையன், டிசம்பர்காரன், அவனைப் பற்றி "கை நன்று, வேகம் போதாது, உடம்பு தாங்காது" என்று மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் பார்த்தது ஒரே அரங்கில், ஒரே மாதத்தில், என் சோம்பேறித்தனம். எங்கள் அணி விட்டது, வேறோர் அணி கடைசிச் சுற்றுகளில் எடுத்தது. இரண்டு வருஷத்தில் ஐந்து அங்குலம் வளர்ந்து எங்களுக்கு எதிராகவே நாலு கோல் போட்டான். மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை, அந்த ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டை மட்டும் எனக்கு மெயிலில் அனுப்பினார்.

ஆறுதலுக்குப் பெரிய இடத்துக் கதைகள் உண்டு. என்.எச்.எல். டிராஃப்டில் பாவெல் தத்சுக் 1998-இல் 171-ஆவது, ஹென்ரிக் செட்டர்பெரி 1999-இல் 210-ஆவது. இரண்டு பேரையும் எடுத்தது டெட்ராய்ட் அணி, பின்னால் நின்றவர் ஹோக்கன் ஆண்டர்சன் என்ற ஸ்வீடன் ஸ்கவுட். செட்டர்பெரியை அவர் கவனித்தது வேறொரு பையனைப் பார்க்கப் போன இடத்தில். 2008-இல் டெட்ராய்ட் கோப்பை வென்றபோது பிளேஆஃபின் சிறந்த வீரர் அந்த 210-ஆவது ஆள்தான். மார்ட்டின் செயின்ட் லூயி 5 அடி 8 அங்குலம், அவரை யாருமே டிராஃப்டில் எடுக்கவில்லை, 2004-இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கினார். கோலிகள், அதாவது கோல் காப்பவர்கள், விஷயம் இன்னும் மோசம், அவர்கள் முற்றுவதற்கு இன்னும் நாளாகும். ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் 205-ஆவது. கோலியைப் பற்றி பதினைந்து வயதில் அடித்துச் சொல்கிற ஸ்கவுட்டை நான் நம்புவதில்லை.

தஞ்சாவூர் மாணவி: 15 வயதிலேயே ஜூனியரில் ஆட விடுவார்களாமே?

விதிவிலக்கு அனுமதி என்று ஒன்று உண்டு. 2005-இல் ஜான் டவாரெஸ் முதல் ஆள், 2012-இல் கானர் மெக்டேவிட், 2020-இல் கானர் பெடார்ட். இந்த மூவரும் பிறகு என்.எச்.எல். டிராஃப்டில் முதலிடம். ஆனால் 2019-இல் அதே அனுமதி வாங்கிய ஷேன் ரைட்டை முதலிடம் முதலிடம் என்று சொல்லிச் சொல்லி 2022-இல் நாலாவதாகத்தான் எடுத்தார்கள்.

நாகப்பட்டினம் அப்பா: படிப்பு என்ன ஆகும்?

நம் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வியை இவ்வளவு தாமதமாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆச்சரியம். ஜூனியரில் ஒரு சீசன் ஆடினால் பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷக் கட்டணம் என்று அணி ஒப்பந்தத்தில் எழுதும். அதைப் பயன்படுத்தக் காலக்கெடு உண்டு, கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள். முன்பு கனடாவின் அந்த மூன்று ஜூனியர் லீக்கில் கால் வைத்தால் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கிக் கதவு அடைபட்டுவிடும். 2024 நவம்பரில் அந்த விதியை மாற்றினார்கள், 2025 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறை. இதனால் பதினைந்து வயதில் எடுக்க வேண்டிய ஒரு கொடுமையான முடிவு இல்லாமல் போயிற்று. எனக்கு இது நல்லதாகத்தான் படுகிறது.

தஞ்சாவூர் அப்பா: மகள் ரோலர் ஸ்கேட்டிங் போகிறாள். ஐஸ் ஹாக்கி இந்தியாவில் சாத்தியமா?

லடாக்கில் உறைந்த குளத்தில் ஆடியே வளர்கிறார்கள். இந்தியப் பெண்கள் அணி 2025 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது, அந்த அணிக்கு உயிர் லடாக் பெண்கள்தான். சக்கரத்தில் வந்த சமநிலை ஐஸுக்கு உதவும். நிற்பதுதான் தொல்லை, ஐஸில் பிளேடைக் குறுக்கே திருப்பிச் செதுக்கி நிற்க வேண்டும், சக்கரப் பிள்ளைகள் முதல் வாரம் சுவரில் போய்த்தான் நிற்பார்கள். ஹெல்மெட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்.

குடவாசல் வாசகர்: ஸ்கவுட் சம்பளம் எவ்வளவு?

பெட்ரோல் காசு, ஒரு தொப்பி, அணியின் ஜாக்கெட். ஜாக்கெட் நல்ல ஜாக்கெட்.

பாபநாசம் தாத்தா: டொரண்டோவில் பேரனை அணியில் எடுக்கவில்லை. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். போனில் பேசும்போது என்ன சொல்லட்டும்?

ஐயா, தத்சுக் கதையெல்லாம் சொல்லாதீர்கள், அதை அவன் அப்பா ஏற்கனவே பத்துத் தடவை சொல்லியிருப்பார். அடுத்த வருஷம் கிடைக்கும் என்றும் சொல்ல வேண்டாம், கிடைக்குமா என்று உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. ஆஃப்சைடு என்றால் என்னடா, எனக்குப் புரியவே இல்லை என்று கேளுங்கள். அதை விளக்க ஒரு பையனுக்கு எப்படியும் இருபது நிமிஷம் ஆகும், நடுவில் பேப்பரில் படம் போட்டு கேமராவில் காட்டுவான். நீங்கள் மறுபடியும் புரியவில்லை என்று சொல்லுங்கள்.