1.1-ஐ விட 1.4 நல்லதா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துத் திடலில் முக்காலி வைத்து, 5.6 மீட்டர் விப் ஆன்டெனாவில் (இழுத்து நீட்டும் செங்குத்துக் கம்பி) 20, 40 மீட்டர் ஹாம் ரேடியோ பேண்டுகளில் பேசுகிறேன். 20-இல் ஆன்டெனா அடியிலிருந்து தரையில் விரிக்கும் ரேடியல் கம்பி ஒன்றே ஒன்று போட்டபோது எஸ்.டபிள்யூ.ஆர். (கேபிளோடு ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.1 இருந்தது. நாலு கம்பி போட்டதும் 1.4 ஆகிவிட்டது. மூன்றைக் கழற்றிவிடலாமா?

பதில்: கழற்றாதீர்கள். பெரும்பாலும் உங்கள் ஆன்டெனா இப்போதுதான் ஒழுங்காக வேலை செய்கிறது. கால் அலை நீள விப்புக்கு, இழப்பே இல்லாத தரை கிடைத்தால் அடியில் சுமார் 36 ஓம்தான் இருக்கும். 50 ஓம் கேபிளில் அது 1.4 என்றுதான் காட்டும். ஒற்றைக் கம்பியில் கூடுதலாக வந்த ஓம்கள் மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருந்தன. அலையே வீசாத சோதனைத் தடையான டம்மி லோடுகூட 1.0 காட்டும், அதை வைத்து யாரோடு பேசுவது?

ஆனால் டிப், அதாவது எஸ்.டபிள்யூ.ஆர். மிகக் குறையும் இடம், மாறியும் 1.4 வந்திருக்கலாம். அதைப் பார்த்துவிடுங்கள். நானோ வி.என்.ஏ. என்ற கையடக்க ஆன்டெனா அளவியில் 13 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரை வைத்து, ஆன்டெனாவில் மாட்டும் கேபிள் முனையிலேயே ஓபன், ஷார்ட், லோட் மூன்றையும் மாட்டி அளவியைச் சரிப்படுத்துங்கள். ரேஞ்சை மாற்றினால் மறுபடி செய்ய வேண்டும். 40 மீட்டருக்கான காயிலை ஷார்ட் செய்து விப்பை 5.03 மீட்டருக்கு இழுங்கள். முதலில் பார்க்க வேண்டியது எஸ்.டபிள்யூ.ஆர். எவ்வளவு என்பதை அல்ல, டிப் எந்த அலைவரிசையில் விழுகிறது என்பதை. 14.20-க்குப் பதில் 13.92-இல் விழுந்தால் விப் நீளம் அதிகம். ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 28 கிலோஹெர்ட்ஸ் நகரும், ஆகவே 10 சென்டிமீட்டர் உள்ளே தள்ளுங்கள். மேலே விழுந்தால் வெளியே இழுங்கள்.

அடுத்து கோயக்ஸ் கேபிளைக் கையால் பிடித்துப் பாருங்கள். டிப் நகர்ந்தால் கேபிளும் ஆன்டெனாவாகிவிட்டது என்று அர்த்தம். எஃப்.டி.240-43 ஃபெரைட் வளையத்தில் மெல்லிய கோயக்ஸை 12 சுற்று சுற்றி ஆன்டெனா அடியில் மாட்டுங்கள். பிறகு மறுபடி டியூன் செய்ய வேண்டியிருக்கும்.

புல்மேல் கிடக்கும் ரேடியல் 5 மீட்டருக்கு அரை மீட்டர் கூடக் குறைய இருந்தாலும் கவலையில்லை. மண்ணே அதன் டியூனைக் கெடுத்துவிடும். தரையை விட்டுத் தூக்கிக் கட்டினால் மட்டும் நீளம் துல்லியமாக வேண்டும்.

40 மீட்டர் வேறு கதை. அங்கே அதே விப் அலை நீளத்தில் எட்டில் ஒரு பங்குதான், கதிர்வீச்சுத் தடை (சக்தி அலையாக வெளியே போகும் பங்கு) 7, 8 ஓமுக்கு மேல் வராது. 1.1 என்று தெரிந்தால் மீதி 40 ஓம் காயிலிலும் மண்ணிலும் போகிறது: 100 வாட்டில் 15 வெளியே போனால் அதிர்ஷ்டம். கம்பியை எட்டு, முடிந்தால் பதினாறு ஆக்குங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். 2-க்கு ஏறினால் பொருத்தத்தைச் சரிசெய்யும் டியூனர் பார்த்துக்கொள்ளும். டிப்பும் குறுகிவிடும், காயிலில் இணைப்புத் தொடும் இடமான டேப்பை ஒரு நூல் நகர்த்தினாலே பேண்டின் மறுகோடிக்குத் தாவலாம். சரியான இடம் கிடைத்ததும் நகப்பாலிஷால் புள்ளி வையுங்கள்.

மழைக்குப் பின் அந்தச் சரியான இடம் கொஞ்சம் தள்ளிப்போகும், அது ஈரமண்ணின் வேலை. கோல் கம்பத்தையும் கம்பி வேலியையும் விட்டு ஒதுங்கி நில்லுங்கள். திடலுக்கு மேலே மின்கம்பி ஓடினால் அங்கே விப்பை நிமிர்த்தவே வேண்டாம். தூரத்தில் இடி கேட்டால் கேபிளைத் தொடாமல், அங்கே நிற்காமல் ஓடி உள்ளே போங்கள்.