புயல் ஓய்ந்த மறுநாள் குப்பத்தில் என்ன செய்வது? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

தென்சென்னையில் ஒரு குப்பத்தில் பிறந்தவள் நான். சுனாமி, வர்தா, மிக்ஜாம் மூன்றையும் ஊரோடு இருந்து பார்த்தேன். வர்தாவுக்குப் பிறகு எங்கள் ஊரின் நிவாரணக் கணக்கு நோட்டு என் கையில்தான் இருக்கிறது. மழைக்காலம் தொடங்கியதும் பலரும் கேள்வி அனுப்பினீர்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

காசிமேட்டுத் தம்பி: அக்கா, காற்று நின்றதும் முதலில் படகைப் பார்ப்பதா, வீட்டைப் பார்ப்பதா?

முதலில் ஆட்களைப் பார். எல்லாரும் இருக்கிறார்களா என்று வீடு வீடாகக் குரல் கொடுத்துவிட்டு, மின்கம்பி அறுந்து கிடக்கும் சந்துகளைக் கயிறு கட்டி மறித்துவிடு. அப்புறம் ஒரு நோட்டை எடு, அன்றைக்கே எடு. ஊரில் எத்தனை அடுப்பு, அதாவது தனியாகச் சமைக்கும் குடும்பம் எத்தனை என்று எண்ணி எழுது. படகையும் தலைக்கட்டையும் வைத்து எண்ணாதே என்று ஏன் சொல்கிறேன் என்றால், தலைக்கட்டு என்பது ஊருக்கு வரி கட்டும் குடும்பத்து ஆண்பிள்ளையின் கணக்கு. புருஷன் இறந்தவள், பிரிந்து வந்து அம்மா வீட்டில் தங்கியிருப்பவள், வாடகைக்கு இருப்பவர், சொந்தப் படகு இல்லாமல் அடுத்தவர் படகில் பங்குக்குப் போகிறவர் பலரும் அதில் விடுபட்டுப் போவார்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு வந்த முதல் பட்டியலில் என் அம்மா பெயர் இல்லை. அப்பா போய் மூன்று வருஷம், அம்மா தலையில் கூடை வைத்து மீன் விற்று எங்களை வளர்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வேண்டுமென்று விடவில்லை, எழுதியவர் கையில் இருந்த பழைய வரிக் கணக்கே அப்படி. அதனால்தான் அடுப்பை எண்ணச் சொல்கிறேன்.

நொச்சிக்குப்பத்திலிருந்து ஒருவர்: ஊர்ப் பெரியவர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்களா?

அவர்களைத் தாண்டிப் போகாதீர்கள். கோயில் மண்டபத்தைத் திறந்துவிடுவதும், படகை மேலே இழுக்க டிராக்டர் பிடிப்பதும், அதிகாரிகளிடம் பேசுவதும் பஞ்சாயத்தால்தான் முடியும். எழுதிய பட்டியலைச் சாயங்காலம் கோயில் வாசலில் சத்தமாகப் படியுங்கள், அவ்வளவுதான். விடுபட்ட பெயரை அங்கேயே யாராவது சொல்லிவிடுவார்கள், இரண்டு முறை வந்த பெயரும் தெரிந்துவிடும். எங்கள் ஊரில் முதல் தடவை சண்டை வந்தது, உண்மைதான். பழவேற்காட்டில் ஏரியில் வலை போடும் இடத்தையே பாடு என்று முறை வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பங்கிட்டு வருகிறார்கள். அப்படிப் பழகிய கடற்கரையில் பத்து கிலோ அரிசியை ஒழுங்காகப் பங்கிட முடியாதா என்று ஒரு பாட்டி எழுந்து கேட்டாள், சண்டை அடங்கியது.

பனையூரிலிருந்து: படகு உடைந்துவிட்டது. உடனே சரிசெய்யலாமா?

முதலில் போட்டோ. பதிவு எண்ணும் உடைந்த இடமும் ஒரே படத்தில் தெரியவேண்டும், வலைக்கும் எஞ்சினுக்கும் தனித்தனியாக எடுங்கள். கணக்கெடுக்க ஆள் வருவதற்குள் சரிசெய்துவிட்டால் சேதத்தைக் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

எஞ்சினுக்குள் உப்புத்தண்ணீர் போயிருந்தால் தயவுசெய்து ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், உள்ளே தண்ணீரோடு பிஸ்டன் ஏறினால் ராடு வளைந்துவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, டீசலையும் ஆயிலையும் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றி மெக்கானிக் வரும்வரை வையுங்கள். ஆளுக்கொரு மெக்கானிக்கைத் தேடாமல் ஊரே காசு போட்டு ஒருவரை மூன்று நாள் கூட்டி வந்து வைத்துக்கொள்வது நல்லது. ஃபைபர் ஒட்டுவதற்கு இடம் நன்றாகக் காயவேண்டும், ஈரத்தில் ஒட்டினால் பிடிக்காது. ஒட்டும் பசையான ரெசின் இறுகுவதற்காகச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேராக ஒன்றில் ஒன்று ஊற்றக்கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட்டைச் சேர்க்கவேண்டும். பையன்களிடம் இந்த வேலையைத் தனியாக விடாதீர்கள்.

ஒரு அக்கா, ஊர் சொல்லவில்லை: கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. மோட்டார் போட்டு முழுசாக இறைத்துவிடலாமா?

வேண்டாம் அக்கா. கடற்கரை மணலுக்கு அடியில் உப்புத்தண்ணீர்மேல்தான் நல்ல தண்ணீர் நிற்கிறது. மோட்டார் வைத்து வேகமாக இழுத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, ஊறவிட்டு, மறுபடி இறையுங்கள், மழையும் உதவும். அதுவரை குடிக்க லாரித் தண்ணீர்தான். தொட்டித் தண்ணீர் தெளிவாக இருந்தால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தெளிவை மட்டும் ஊற்றி, 1 மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவையுங்கள்.

எண்ணூரிலிருந்து: மறுபடி எண்ணெய் வந்தால்?

2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றிலும் முகத்துவாரத்திலும் படர்ந்தபோது உங்கள் ஊர் ஆட்கள் வெறுங்கையால் அள்ளினார்கள். நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. கையுறையும் பூட்ஸும் கொடுக்காமல் யாரையும் தண்ணீரில் இறங்கவிடாதீர்கள், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த வாடையிலிருந்து தள்ளி இருக்கட்டும். உடம்பில் ஒட்டியதைத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சோப்பு போடுங்கள், மண்ணெண்ணெய் கூடாது. கறுத்துப்போன வலையைப் போட்டோ எடுத்து மூட்டை கட்டி வையுங்கள், எரிக்காதீர்கள்.

வேளச்சேரியிலிருந்து ஒரு மாணவி: நாங்கள் உதவிக்கு வந்தால் என்ன கொண்டுவரலாம்?

நல்ல மனசு. கிளம்புமுன் ஊரில் ஒருவருக்குப் போன் செய்து, அன்றைக்கு என்ன குறைவு என்று கேளுங்கள். பழைய துணி வேண்டாம், சுனாமிக்குப் பிறகு அது குவியல் குவியலாக மழையில் நனைந்து கிடந்தது. சாப்பாட்டு வண்டிகள் ரோட்டோர வீடுகளோடு நின்றுவிடும். தார்ப்பாய், அடுப்பு, பாத்திரம், கொசுவலை, நாப்கின், டார்ச் இவை கொண்டுவாருங்கள். மீன் விற்கும் பெண்களுக்கு அன்னக்கூடையும் ஐஸ் பெட்டியும் கிடைத்தால் பெரிய உதவி. படகுக்குப் பணம் கொடுப்பவர்கள் அவர்களை நினைப்பதில்லை, கையில் முதல் இல்லாமல் வட்டிக்கு வாங்கித்தான் மறுபடி கூடை தூக்குகிறார்கள்.

கோவளத்திலிருந்து: கரையில் ஒதுங்கிய குப்பையை ஜேசிபி வைத்து வாரலாமா?

மணல்மேட்டைத் தொடாமல் கையால் பொறுக்குங்கள். அங்கே படரும் அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான் மணலைப் பிடித்து வைக்கின்றன. மேட்டை வழித்துவிட்டால் அடுத்த அலை வீட்டு வாசலுக்கு வரும்.

காசிமேட்டுத் தம்பி மறுபடி: கடலுக்கு எப்போது போகலாம்?

வானிலை மையம் மீனவர் எச்சரிக்கையை எடுத்த பிறகு. அப்போதும் முதல் நாள் ஒரே ஒரு படகு, மூத்தவர்கள் இரண்டு மூன்று பேர், பகலில் மட்டும். முகத்துவாரத்தில் மணல் இடம் மாறியிருக்கும், மரக்கட்டையும் அறுந்த வலையும் தண்ணீருக்குள் கிடக்கும், பழைய வழி என்று நம்பி எஞ்சின் விசிறியைச் சுற்றவிடாதே. அவர்கள் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகு மற்றவர்கள் இறங்கட்டும். கடலோரக் காவல்படை எண் 1554 எல்லார் போனிலும் இருக்கட்டும், போனை பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டிக்கொண்டு போகச் சொல்.