கேள்வி-பதில்: சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்குகள்

கேள்வி: 2011 லேப்டாப்புக்கு ஆஃபரில் என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கினேன். மாட்ட இடமே இல்லையே? (குமுளி)

இருக்காது. என்விஎம்இ எஸ்எஸ்டி மதர்போர்டில் நேராகச் செருகும் சிறிய அட்டை; அதற்கான இடம் அந்தக் காலத்து லேப்டாப்பில் இல்லை. வாங்கிய பிறகு கேட்பதே சிலருக்குப் பழக்கமாகிவிட்டது. திருப்பி அனுப்பிவிட்டு பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே மாட்டும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள். தடிமன் 7 மி.மீ.; பழைய டிஸ்க் 9.5 என்றால் ஆடாமலிருக்க ஸ்பேசர் வையுங்கள்.

கேள்வி: ஃபோல்டர் திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் நிரல்) மூன்று முறை ஓட்டினேன். இப்போது டிரைவே சில சமயம் தெரிவதில்லை. இன்னொரு முறை ஓட்டலாமா? (வேலந்தாவளம்)

ஓட்டவே ஓட்டாதீர்கள். இதை எத்தனை தடவை எழுதுவது? டிஸ்க் தடுமாற ஆரம்பித்தால் முதலில் நகல், அப்புறம்தான் மற்றதெல்லாம். செக்டிஸ்க் ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கை, ஒழுங்குபடுத்தும், அவ்வளவுதான். உங்கள் கல்யாண போட்டோக்களைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. கணக்கில் ஒத்துவராததை வெட்டிவிட்டு 'முடிந்தது' என்று சொல்லிவிடும். '/ஆர்' சேர்த்து ஓட்டினால் டிஸ்க் முழுவதையும் மணிக்கணக்கில் படிக்கவும் வைக்கும். மூச்சிரைப்பவரை மலையேறச் சொல்வது மாதிரி. கடைகளிலும் இதே கதைதான். 'ஃபார்மட் போட்டா சரியாயிடும் சார்' என்பார்கள். உள்ளே சுழலும் தட்டான பிளாட்டரே தேய்ந்திருக்கும்போது ஃபார்மட் என்ன செய்யும்?

டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணையுங்கள். லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து, டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ நிரலை ஓட்டுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, மக்கர் செய்யும் இடங்களுக்குக் கடைசியில் வரும். எதுவரை எடுத்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கொடுத்திருந்தால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நகல் போகும் டிஸ்க் பழையதைவிடப் பெரியதாக இருக்கட்டும். 'டக் டக்' சத்தம் கேட்டால் அந்த நொடியே பவரை அணைத்துவிட்டு, டேட்டா மீட்பவர்களிடம் கொடுங்கள்.

கேள்வி: ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வருமாமே? (புளியரை)

வைக்காதீர்கள். உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

கேள்வி: கொப்பரை மண்டி பில்லிங் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடுகிறது. பட்டை கேபிள் டிஸ்க், தேய்ந்துவிட்டது. (கொழிஞ்சாம்பாறை)

அது ஐடிஇ, சாட்டாவுக்கு முந்தைய இணைப்பு முறை. ஐடிஇ-சாட்டா கன்வெர்ட்டர் மலிவுதான். சிறிய எஸ்எஸ்டி போதும். எக்ஸ்பியைப் புதிதாகப் போட்டால் பில்லிங் சாஃப்ட்வேர் மறுபடி ஏறுமா என்பது சந்தேகம், அதனால் முழு டிஸ்க்கையும் அப்படியே குளோன் செய்யுங்கள். முதல் டிஸ்க்கா, இரண்டாவதா என்று சொல்லும் மாஸ்டர், ஸ்லேவ் ஜம்பரை (சிறிய கிளிப்) பாருங்கள். எக்ஸ்பிக்கு 2014-லேயே ஆதரவு முடிந்தது; நெட்டில் இணைக்காதீர்கள். பில் கணக்குக்கு இன்னொரு நகல் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே எடுங்கள்.

கேள்வி: துலாவர்ஷ (ஐப்பசி மழை) இடிக்கு யூபிஎஸ் போதுமா? (வண்டிப்பெரியார்)

போதாது. வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்குங்கள், நெட் கேபிளையும் சேர்த்து. பலர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கேபிளை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: என் கம்ப்யூட்டர் ஸ்லோ. எந்த டிஸ்க் வாங்கலாம்? (ஊர் இல்லை)

மாடலும் இல்லை. பதிலும் இல்லை.

கேள்வி: 4 டிபி டிஸ்க் போட்டேன், 2 டிபிதான் தெரிகிறது. (களியக்காவிளை)

டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் பழைய முறையான எம்பிஆரில் பிரித்திருக்கிறீர்கள். அதன் எல்லை சுமார் 2 டிபி. புதிய முறையான ஜிபிடிக்கு மாற்றுங்கள். மாற்றும் முன் அதில் உள்ளதை நகல் எடுங்கள். பழைய பயாஸ் (கம்ப்யூட்டரைத் துவக்கும் நிரல்) உள்ள கம்ப்யூட்டரில் விண்டோஸ் அதிலிருந்து பூட் ஆகாது, டேட்டாவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.