டைம்அவுட் ஆன இணைப்பை என்ன செய்வது?

அன்புள்ள அண்ணன்,

கல்முனையில் இருந்து எழுதுகிறேன். சம்மாந்துறைப் பக்கம் சில அரிசி ஆலைகளில் லொறி நிறுக்கும் தராசுகளை நெட்வேர்க்கில் இணைத்து, நிறையைப் பதிய பைதனில் ஒரு புரோகிராம் எழுதினேன். பல இணைப்புகளை ஒரே நேரத்தில் கவனிக்கும் ஏசின்க்ஐஓ நூலகம்தான். தராசோடு பேசும் இணைப்பு முனையான சொக்கெட்டுக்கு, 10 விநாடிக்கு மேல் காத்திராதே என்று செட்டைம்அவுட் 10 கொடுத்தும், சில இரவுகளில் எரர் எதுவும் காட்டாமல் அப்படியே நின்றுவிடும். காத்திருப்புக்கு எல்லை வைக்கும் ஏசின்க்ஐஓவின் வெயிட்ஃபோர் போட்ட பிறகு நிற்பதில்லை. ஆனால் போன கிழமை ஒரு லொறியின் நிறை அடுத்த லொறியின் கணக்கில் விழுந்துவிட்டது. ஆலைக்காரரிடம் நல்ல ஏச்சு. 10 விநாடி காணாதா? 30 ஆக்கவா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

30 ஆக்கினால் ஏச்சு குறையும், பிழை போகாது.

முதலில் அந்த இரவுக் கதை. ஏசின்க்ஐஓ தன் கைக்கு வரும் சொக்கெட்டை நொன்புளொக்கிங், அதாவது தானே நின்று காத்திராத நிலைக்கு மாற்றிவிடும். நீங்கள் கொடுத்த 10 அத்தோடு அழிந்தது. ஆலையில் கரண்ட் போனால் தராசுப் பெட்டி சொல்லிக்கொண்டு போவதில்லை. உங்கள் பக்கம் எதையும் அனுப்பாமல் வாசிக்க மட்டும் காத்திருப்பதால், மறுமுனை செத்தது, இணைப்பை நடத்தும் டிசிபி நெறிமுறைக்குத் தெரிய வழியே இல்லை. மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் கீப்அலைவ் இருக்கிறதே என்பீர்கள். லினக்ஸில் அதை நாமாக இயக்க வேண்டும், இயக்கினாலும் வழக்கமான அமைப்பில் முதல் சோதனைக்கே 2 மணித்தியாலம் ஆகும்.

சரி, இப்போது மாறி விழுந்த நிறை. வெயிட்ஃபோர் நிறுத்துவது உங்கள் காத்திருப்பை மட்டும்தான். தராசுக்கு அது தெரியாது. 11ஆவது விநாடியில் அது பதிலை அனுப்பியிருக்கும். அந்தப் பதில், வாசிக்கும்வரை தரவு தங்கும் இடமான பஃபரில் வந்து கிடக்கும். நீங்கள் அதே இணைப்பில் அடுத்த லொறிக்குக் கேட்கிறீர்கள், முதல் லொறியின் நிறை உடனே வருகிறது. அதன் பிறகு வரும் ஒவ்வொரு பதிலும் ஒன்று பின்தங்கியதுதான். எரர் இல்லை, எண்ணும் நம்பும்படியாகவே இருக்கும். புரோகிராம் நின்றுபோவதைவிட இது பொல்லாதது.

ஆகவே டைம்அவுட் வந்தால் அந்த இணைப்பை வீசுங்கள், புதிதாகத் திறங்கள். வீசும்போது குளோஸ் போட்டு, அது முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அது அனுப்பாமல் மிஞ்சியதை அனுப்பி முடிக்கப் பார்க்கும், செத்த முனையிடம் மறுபடி மாட்டிக்கொள்வீர்கள். ஏசின்க்ஐஓவில் இணைப்பைக் கையாளும் டிரான்ஸ்போர்ட்டின் அபோர்ட் போதும், அது உடனே அறுத்துவிடும். கேள்விக்கு ஒரு இலக்கம் கொடுத்து, அதையே பதிலிலும் திருப்பி அனுப்பும் வசதி தராசில் இருந்தால், இலக்கம் பொருந்தாத பழைய பதிலை ஒதுக்கிவிட்டு இணைப்பை வைத்துக்கொள்ளலாம்.

பைதன் 3.11 அல்லது அதற்குப் பிந்தியது இருந்தால் ஏசின்க்ஐஓவின் டைம்அவுட் புளொக்குக்குள் கேட்பது, வாசிப்பது இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். ஒவ்வொரு வாசிப்புக்கும் தனித்தனியாக 10 கொடுத்தால், ஒன்பது விநாடிக்கு ஒரு பைட் அனுப்பும் பெட்டி உங்களை விடியும்வரை இருத்திவைக்கும். உள்ளே எல்லாப் பிழையையும் பிடிக்கும் வெறும் எக்செப்ட் எழுதியிருந்தால் அதையும் எடுங்கள். நேரம் முடிந்ததும் டைம்அவுட் அனுப்பும் ரத்துச் செய்தியை அது விழுங்கிவிடும்.

எத்தனை விநாடி என்பதைத் தராசிடமே கேளுங்கள். லொறி ஏறி எண் அசையாமல் நிற்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஒரு நாள் முழுக்கப் பதிந்து, அதில் மிகக் கூடியதற்குக் கொஞ்சம் மேலே வையுங்கள்.

அப்புறம், நிறையைத் திருப்பிக் கேட்பதில் கெடுதல் இல்லை. ஆனால் தராசைப் பூச்சியமாக்கும் கட்டளைக்கு டைம்அவுட் வந்தால், தானாகத் திருப்பி அனுப்ப விடாதீர்கள். முதல் கட்டளை போய்ச் சேர்ந்திருக்கலாம், இரண்டாவது போகும் நேரம் லொறி மேலே நிற்கலாம்.